பழைய காருக்கு நீட்டிப்பு வாரண்டி: வைத்துக்கொள்வதா, ரத்து செய்வதா?

கடைக்காரர் கார் வாங்குவது இன்று ஆடம்பரம் அல்ல. விடியற்காலையில் மொத்த மார்க்கெட்டுக்குப் போக, வெளியூர் பாக்கி வசூலுக்குச் சுற்ற, வங்கிக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கும் ஓட, விசேஷ நாளில் குடும்பத்தை ஊருக்கு அழைத்துச் செல்ல என்று எல்லாவற்றுக்கும் ஒரே வண்டிதான். புது வண்டியில் முதலை முடக்குவதைவிட அந்தப் பணத்தைச் சரக்கில் போட்டுப் புரட்டலாம் என்று எண்ணி, நம்மில் பலர் பழைய காரையே தேடுகிறோம். அந்த எண்ணத்தில் தவறு இல்லை.

ஆனால் பழைய கார் வாங்கும் இடத்தில், விலை பேசி முடித்துக் கையெழுத்துப் போடும் நேரத்தில், இன்னொரு காகிதமும் மேஜைக்கு வருகிறது. "எக்ஸ்டெண்டட் வாரண்டி சார், ஒரு வருஷத்துக்கு எந்தக் கவலையும் இல்லை" என்கிறார் விற்பனையாளர். காரின் விலையோடு ஒப்பிட்டால் தொகை சிறியதாகத் தெரிகிறது. கடனோடு சேர்த்துவிட்டால் மாதத் தவணையில் சில நூறு ரூபாய்தான் கூடுகிறது. நாமும் சரி என்று சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத்தான், இது தேவைதானா, வைத்துக்கொள்வதா, ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்பதா என்ற யோசனை வருகிறது.

இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால் நம்மைப் போன்ற வணிகர்கள் முதலில் பார்க்க வேண்டியது என்ன என்பதற்குப் பதில் உண்டு. காரின் வயதையும் வாரண்டியின் விலையையும் பார்க்கும் முன்னால், நாம் அந்தக் காரை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். அதில்தான் நம் பணம் பிழைப்பதும் வீணாவதும் இருக்கிறது. ஏன் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

வாரண்டி வேறு, இன்ஷூரன்ஸ் வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. வெளியிலிருந்து வரும் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ். மோதல், திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவை அதில் வரும். வண்டியின் உள்ளே ஒரு பாகம் தானாகவே கெட்டுப்போனால் அதற்கு வாரண்டி. இன்ஜினுக்குள் ஒரு பாகம் உடைந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தராது. மரம் விழுந்து பானெட் நசுங்கினால் வாரண்டிக்காரர் தர மாட்டார்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கு வாரண்டி பொறுப்பேற்காது. தண்ணீரில் நின்ற காரை அப்படியே ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் அந்தச் செலவு கிடைப்பது கடினம். அதற்கென்று இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கையைப் பாலிசியோடு வாங்கியிருக்க வேண்டும். தாழ்வான தெருவில் கார் நிறுத்துபவர், வாரண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இந்தச் சேர்க்கைக்குக் கொடுத்தால் அதிகப் பயன் உண்டு.

காகிதம் கொடுப்பவர் யார்?

நமக்கு ஒருவர் கடனுக்குச் சரக்கு கேட்டால் முதலில் ஆளைத்தானே பார்க்கிறோம்? வாரண்டியும் ஒரு வாக்குறுதிதான். நாளைக்குப் பணம் தருகிறேன் என்று இன்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஆகவே கொடுப்பவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய காருக்கு வரும் வாரண்டி பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, காரைத் தயாரித்த கம்பெனியின் வாரண்டி. முதல் சொந்தக்காரர் புதிதாக வாங்கியபோதே நீட்டிப்பும் சேர்த்து வாங்கியிருந்தால், மீதமுள்ள காலம் வண்டியோடு நமக்கு வரக்கூடும். உதாரணமாக, மாருதி சுசூகி கம்பெனி 2024 ஜூலையில் தன் புதுக் கார்களின் அடிப்படை வாரண்டியை இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டரிலிருந்து மூன்று ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது. இதில் எது முதலில் வருகிறதோ அதோடு வாரண்டி முடியும். ஆகவே எந்த ஆண்டு விற்ற வண்டி என்பதைப் பொறுத்து மீதி மாறும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேட்டால் மீதிக் காலத்தைச் சொல்லிவிடுவார்கள். பெயர் மாற்றத்தையும் அங்கேயே எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். மூன்று வகையிலும் நம்பகமானது இதுதான்.

இரண்டாவது வகை, பழைய கார்களைச் சோதித்துச் சான்றிதழோடு விற்கும் நிறுவனங்கள் தருவது. இது பெரும்பாலும் விலையிலேயே அடங்கியிருக்கும். ஆறு மாதம், ஓராண்டு என்று காலம் குறைவு. ரத்து செய்தாலும் பணம் திரும்பாது. ஆகையால் வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

மூன்றாவது வகை, தயாரிப்பாளரும் அல்லாத, விற்றவரும் அல்லாத வேறொரு கம்பெனி தருவது. விற்பனையாளர் இதை விற்பதற்குக் கமிஷன் வாங்குகிறார். கமிஷன் வாங்குவது தவறல்ல, நாமும் வாங்குகிறோம். ஆனால் பழுது வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் அல்ல, எங்கோ ஓர் ஊரில் இருக்கும் கம்பெனி என்பதை உணர வேண்டும். அந்தக் கம்பெனிக்குப் பின்னால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஏதும் உண்டா, நம் ஊரில் அல்லது பக்கத்து ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்து தருவார்கள் என்பதைக் கேட்க வேண்டும். பக்கத்தில் ஒர்க்‌ஷாப்பே இல்லாத வாரண்டி நமக்கு உதவாது. வைத்துக்கொள்வதா ரத்து செய்வதா என்ற கேள்வி பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைக்குத்தான் எழுகிறது.

எது அடங்கும், எது அடங்காது

விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பதைவிட, நிபந்தனைத் தாளில் சிறிய எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். வழக்கமாக இன்ஜின், கியர் பாக்ஸ் ஆகியவற்றின் உள்பாகங்கள் அடங்கும். சில திட்டங்களில் ஏ.சி. கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவையும் சேரும்.

தேய்மானப் பாகங்கள் வழக்கமாக அடங்காது. கிளட்ச் பிளேட், பிரேக் பேடு, டயர், பேட்டரி, வைப்பர், பல்பு, பெல்ட், ரப்பர் புஷ், ஆயில், கூலன்ட் எல்லாம் நம் தலையில்தான். பழைய காரில் அடிக்கடி செலவு வைப்பவையும் இவைதான். ஆகவே "ஒரு வருஷத்துக்கு எந்தக் கவலையும் இல்லை" என்ற பேச்சை நம்பிவிடக் கூடாது. அடிக்கடி வரும் சிறு செலவு நம்முடையது, எப்போதாவது வரும் பெரிய செலவுதான் அவர்களுடையது. அந்தப் பெரிய செலவுக்கும் ஒரு கோரிக்கைக்கு இவ்வளவு, மொத்தத்தில் இவ்வளவு என்று உச்சவரம்பு போட்டிருப்பார்கள்.

வண்டி நம் கைக்கு வரும் முன்பே இருந்த பழுது, குறித்த நாளில் சர்வீஸ் செய்யாததால் வந்த பழுது, சூடேறிய பிறகும் நிறுத்தாமல் ஓட்டியதால் வந்த பழுது, வெளியில் கேஸ் கிட் பொருத்தியதாலோ, ஒயரை வெட்டி லைட்டும் ஸ்பீக்கரும் வைத்ததாலோ வந்த பழுது, கிலோமீட்டர் மீட்டரைக் கழற்றிய வண்டி ஆகியவற்றுக்கும் பொதுவாகப் பணம் கிடையாது.

அரிசிச் சிப்பம் ஏற்றும் கார்

நமக்கென்றே இருக்கும் பிரச்சினை இதுதான். சொந்தக் காருக்கான வாரண்டிகள் பலவற்றில், "வணிக நோக்கில் பயன்படுத்தப்படும் வாகனத்துக்குப் பொருந்தாது", "அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றியதால் வரும் பழுதுக்குப் பொருந்தாது" என்ற இரண்டு வரிகள் இருக்கும். அலுவலகத்துக்குப் போய்வரும் ஒருவருக்கு இந்த வரிகளால் ஒன்றுமில்லை. நமக்கு இவைதான் எல்லாம்.

ஒரு சிறிய கார் ஐந்து பேரும் அவர்கள் பைகளும் என்ற கணக்கில், ஏறத்தாழ 400 கிலோ தாங்குவதற்குச் செய்யப்பட்டது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு, 26 கிலோ சிப்பம் நம் கடைகளில் சாதாரணமாகிவிட்டது. பின் சீட்டை மடித்து 15 சிப்பம் ஏற்றினால் 390 கிலோ. ஓட்டுபவரும் கூட ஒருவரும் உட்கார்ந்தால் 500 கிலோவைத் தாண்டிவிடும். இப்படி வாரம் இரண்டு முறை ஓடிய காரில் கியர் பாக்ஸோ பின்பக்க ஆக்ஸிலோ போனால், பரிசோதிக்க வருபவர் முதலில் பார்ப்பது பின் சீட்டின் கீழே சிந்திக் கிடக்கும் அரிசியையும் சாக்கு நூலையும்தான். கோரிக்கை மறுக்கப்படுவதற்கு அதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

"வெள்ளை போர்டு வண்டிதானே, சொந்தச் சரக்குத்தானே" என்ற வாதம் இங்கே நிற்பது கடினம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(14), சரக்கு ஏற்றுவதற்கென்று செய்யப்படாத வண்டியும் சரக்கு ஏற்றப் பயன்படும்போது சரக்கு வண்டியாகவே கருதப்படும் என்கிறது. வாரண்டிக்காரர் மட்டுமல்ல, விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் இதைக் கேட்கக்கூடும்.

ஆகவே காரை வாரம் தவறாமல் சரக்குக்குப் பயன்படுத்துபவர், ஒப்பந்தத்தில் அந்த விலக்கு வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அந்த வாரண்டிக்குக் கொடுத்த பணம் கைக்கு வராத சரக்குக்குக் கொடுத்த பணம். அதை ரத்து செய்துவிட்டு, சரக்குக்கென்று பதிவான சிறு வண்டியை வாடகைக்கோ சொந்தமாகவோ வைத்துக்கொள்வதே சரி. கடைக்கும் வீட்டுக்கும் போய்வர, வசூலுக்குச் செல்ல மட்டும் காரைப் பயன்படுத்துபவர் அடுத்த கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவரும்கூட, வசூலுக்குப் போவது வணிக உபயோகம் ஆகாது என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் உதாரணம். ஆறு வயதான பெட்ரோல் கார். ஓராண்டு வாரண்டி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவிகித ஜி.எஸ்.டி. 2,700. ஆக 17,700 ரூபாய்.

இந்த ஜி.எஸ்.டி.யை நம் கடை வரிக் கணக்கில் உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேருக்கு மேற்படாமல் உட்காரும் பயணிகள் வாகனத்துக்கும், அதன் பழுது, பராமரிப்பு, இன்ஷூரன்ஸ் செலவுக்கும் நம்மைப் போன்ற வணிகர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 17(5) சொல்கிறது. ஆகவே காரைப் பொறுத்தவரை அந்த 2,700 ரூபாயும் செலவுதான். சரக்கு வண்டியாக இருந்தால் நிலை வேறு. அதற்கு இந்தத் தடை இல்லை. ஆனால் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு எதிலும் கழிவு கிடையாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 17,700 ரூபாயைக் கார் கடனோடு சேர்த்து, 14 சதவிகித வட்டியில் 36 மாதத் தவணை என்றால், மாதம் சுமார் 605 ரூபாய். மூன்றாண்டில் கட்டுவது சுமார் 21,780 ரூபாய். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதுகாப்பு ஓராண்டுக்கு, தவணை மூன்றாண்டுக்கு. காலாவதியான சரக்குக்கு இரண்டு வருடம் வட்டி கட்டுவதற்கு ஒப்பானது இது. வாரண்டியை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தாலும், அதன் தொகையைக் கடனில் சேர்க்காமல் ரொக்கமாகக் கொடுத்துவிடுவதே மேல்.

இனி வரவுப் பக்கம். வாரண்டியில் அடங்கும் ஒரு பெரிய பழுதுக்கு 30,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஆயில், கூலன்ட், சில்லறைப் பாகங்கள் போன்ற நம் பங்கு 5,000 போக, வாரண்டியால் மிச்சமாவது 25,000. நாம் கொடுப்பது 17,700. அப்படியானால் அத்தகைய பழுது அந்த ஒரே ஆண்டுக்குள் வருவதற்குப் பத்துக்கு ஏழு பங்கு வாய்ப்பு இருந்தால்தான் கொடுத்த பணத்துக்குச் சரியாகும். நன்றாகப் பராமரித்த, நம்பகமான ஒரு சிறிய பெட்ரோல் காரில் அவ்வளவு வாய்ப்பு இருப்பதாகத் தோன்றினால், வாரண்டியைப் பற்றி யோசிக்க வேண்டாம். அந்தக் காரையே வாங்கியிருக்கக் கூடாது.

பலரிடம் வசூலித்துச் சிலருக்குக் கொடுத்து, நடுவில் கமிஷனும் நிர்வாகச் செலவும் லாபமும் எடுப்பதுதான் வாரண்டி வியாபாரம். ஆகவே சராசரியில் வாங்குபவர் கொடுப்பது, திரும்பப் பெறுவதைவிட அதிகமாகத்தான் இருக்கும். வியாபாரம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஏன் ஒருவர் வாங்க வேண்டும்? தாங்க முடியாத அடியைத் தவிர்க்கத்தான். தீபாவளிச் சரக்கு எடுக்க வைத்திருக்கும் பணத்திலிருந்து திடீரென்று ஒரு லட்சம் எடுத்துக் கியர் பாக்ஸுக்குக் கொடுத்தால், கியர் பாக்ஸின் விலை ஒரு லட்சத்தோடு நிற்காது. அந்தச் சரக்கில் வரவேண்டிய லாபம், கைமாற்று வாங்கினால் அதன் வட்டி, ரொக்கக் கொள்முதலில் கிடைக்கும் தள்ளுபடி எல்லாமும் சேர்ந்து போகும்.

எப்போது வைத்துக்கொள்ளலாம்?

மேலே சொன்ன கணக்கை வேறொரு காருக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டோமேடிக் கியர் பாக்ஸோ, டர்போவும் இன்ஜெக்டரும் உள்ள டீசல் இன்ஜினோ இருக்கும் கார். வாரண்டி 25,000 ரூபாய், பெரிய பழுது வந்தால் 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தின் உச்சவரம்பும் அந்த அளவுக்கு இருந்தால், ஆறுக்கு ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே கணக்கு நேராகிவிடும். இத்தகைய காரை, சரக்கு ஏற்றாமல், குடும்பத்துக்கும் போக்குவரத்துக்கும் மட்டும் பயன்படுத்துபவர், கையில் தனி இருப்பு இல்லாதவர், பக்கத்திலேயே அங்கீகரித்த ஒர்க்‌ஷாப் உள்ளவர் வைத்துக்கொள்ளலாம்.

எளிய பெட்ரோல் கார், நல்ல சர்வீஸ் பதிவு, நம்பகமான உள்ளூர் மெக்கானிக், முப்பது நாற்பதாயிரம் ரூபாய் அடியைத் தாங்கும் சக்தி ஆகிய நான்கும் இருப்பவர் ரத்து செய்துவிடலாம். ஆனால் ரத்து செய்த பணத்தைக் கல்லாவில் கலந்துவிடக் கூடாது. 17,700 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் 1,475. மாதம் 1,475 ரூபாயை வண்டிப் பழுதுக் கணக்கு என்று பேரேட்டில் தனிப் பக்கம் போட்டு, தனி சேமிப்புக் கணக்கில் கட்டி வாருங்கள். ஓராண்டில் பழுது வராவிட்டால் முழுத் தொகையும் உங்களுடையது. கிளட்ச் பிளேட் போனாலும் அதிலிருந்து எடுக்கலாம், வாரண்டியில் அது முடியாது. இந்த ஒழுங்கு தன்னிடம் இல்லை என்று உண்மையாகவே தெரிந்தவர், வாரண்டியை வைத்துக்கொள்வதே அவருக்கு நல்லது.

இன்னொரு செலவையும் மறக்கக் கூடாது. வாரண்டியை வைத்துக்கொண்டால் அவர்கள் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில், அவர்கள் சொல்லும் நாளில் சர்வீஸ் செய்ய வேண்டியிருக்கும். உள்ளூர் மெக்கானிக்கைவிடக் கூலி அதிகம். முதல் சொந்தக்காரரிடமிருந்து இலவசமாக வந்த வாரண்டிக்கும் இந்தச் செலவு உண்டு. ஆண்டுக்கு எவ்வளவு கூடும் என்று கேட்டு அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பதில்களை வாய்மொழியாக வாங்காமல், காகிதத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

1. பொறுப்பேற்கும் கம்பெனி எது? வாரண்டி எந்தத் தேதியில் அல்லது எத்தனை கிலோமீட்டரில் முடிகிறது?

2. அடங்கும் பாகங்களின் பட்டியல் எங்கே? பட்டியலில் இல்லாதது அடங்காது என்பதா, விலக்கியவை தவிர மற்றதெல்லாம் அடங்கும் என்பதா? பின்னதுதான் நமக்கு நல்லது.

3. கடைக்காரர் பயன்படுத்தும் கார் வணிக உபயோகம் ஆகுமா?

4. ஒரு பழுதுக்கு, மொத்தத்துக்கு உச்சவரம்பு என்ன? ஒவ்வொரு முறையும் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு?

5. எந்த ஒர்க்‌ஷாப்? வழியில் வண்டி நின்றால் இழுத்துச் செல்லும் செலவு யாருடையது?

6. எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம்? முழுப் பணமும் திரும்புமா, ஓடிய நாட்களுக்குக் கழித்துத் தருவார்களா? காரை விற்றால் அடுத்தவருக்கு மாற்றலாமா?

ஆறாவது கேள்விக்குத்தான் அவசரம் அதிகம். வாரண்டியை இத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று எல்லோருக்கும் பொதுவான சட்ட அவகாசம் எதுவும் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே நாள். ஆகவே காகிதம் கைக்கு வந்த அன்றே அந்த வரியைத் தேடிப் படித்து, தேதியைக் கடைக் காலண்டரில் குறித்துவிட வேண்டும். ரத்து செய்வதாக இருந்தால், வாரண்டிக் கம்பெனிக்கும் விற்ற நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, தபால் ரசீதையோ மின்னஞ்சல் நகலையோ வைத்துக்கொள்ள வேண்டும். வாரண்டித் தொகை கடனில் சேர்ந்திருந்தால், திரும்பும் பணம் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா, தவணைத் தொகை குறைந்ததா அல்லது மாதங்கள் குறைந்தனவா என்று நிதி நிறுவனத்திடம் கணக்குத் தாள் கேட்டு வாங்குங்கள்.

வைத்துக்கொண்டால் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு சர்வீஸுக்கும் தேதி, கிலோமீட்டர், வண்டி எண் உள்ள பில் வாங்குங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்து முடித்துக்கொள்ளும் பழக்கம் இங்கே நம்மையே கெடுக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கடை திறக்க நேரமாகிறது என்று மேலும் ஓட்டாமல் ஓரமாக நிறுத்திவிட்டுக் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். சூடேறிய இன்ஜினைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிக் கொண்டுவந்தால், சிறு பழுது பெரும்பழுதாவதோடு கோரிக்கையும் மறுக்கப்படலாம். கம்பெனி ஆள் வந்து பார்த்து எழுத்தில் சம்மதம் தரும் முன் தெரிந்த மெக்கானிக்கை வைத்து இன்ஜினைப் பிரிக்காதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போது, நீங்கள் சொன்ன குறையை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள்.

மறுத்தால் என்ன வழி?

கோரிக்கையை மறுத்தால் காரணத்தை, ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பல மறுப்புகள் அந்த இடத்திலேயே பலவீனமாகிவிடும். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இங்கேயும் வணிகர் என்பதால் ஒரு தடை வரும். வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆனால் சுயதொழில் மூலம் வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றமும், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று விளக்கியது. ஒற்றைக் காரைத் தானே ஓட்டும் சிறு கடைக்காரருக்கு இது கைகொடுக்கக்கூடும். நிறுவனத்தின் பெயரில் பல வண்டிகளை வாங்கி ஆள் வைத்து ஓட்டும் மொத்த வியாபாரி சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டிவரும். காரை யார் பெயரில் வாங்குவது என்று முடிவு செய்யும்போது, வரிக் கணக்கோடு இதையும் ஆடிட்டரிடம் பேசிக்கொள்வது நல்லது.

வாரண்டிக் காகிதம் இல்லாதவர் அனாதை அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விபத்தில் சிக்கிய காரை மறைத்து விற்பதும், கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவதும் ஏமாற்று. அதற்கு விற்றவரே பொறுப்பு. வாரண்டி இல்லை என்பதால் அந்தப் பொறுப்பு போய்விடாது.

நம் கடையில் வாங்கிய தேங்காய் உள்ளே அழுகியிருந்தால், வாடிக்கையாளர் கொண்டுவந்து காட்டியதும் மாற்றித் தருகிறோம். அதற்குக் காகிதம் இல்லை, நிபந்தனை இல்லை, நம் பெயர்தான் உத்தரவாதம். கார் வியாபாரத்தில் அப்படி இல்லை. அங்கே எழுத்தில் இருப்பது மட்டும்தான் உத்தரவாதம். ஆகவே பழைய கார் வாங்கிய உறுப்பினர்கள் இன்று இரவு கடை அடைத்ததும் அந்தக் காகிதத்தை எடுத்து மூன்று வரிகளைத் தேடுங்கள்: வணிக உபயோகம் பற்றிய வரி, உச்சவரம்பு பற்றிய வரி, ரத்து செய்யும் நாள் பற்றிய வரி. முதல் வரி உங்களுக்கு எதிராக இருந்து, மூன்றாவது வரியின் நாள் இன்னும் கடக்காமல் இருந்தால், நாளைக் காலையிலேயே ரத்துக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.